ஒரு திப்பிகூட இல்லாமல்

மார்ச் 3
என் மிக்ஸி ரிப்பேர் கடையை இன்று திறக்கவில்லை. விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அக்காவுக்கு விழுங்கும்போது மூச்சுக்குழாய் சரியாக மூடுவதில்லை. போன மாதம் சாப்பாடு சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். "இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா வயித்துல குழாய் போட்டுடுவாங்க சார்" என்றாள் பயிற்சிப் பெண். அக்கா வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். ஹம்மஸ் கொடுக்கலாமாம். வெந்த கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைத்தது. "ஆனா களிம்பு மாதிரி இருக்கணும். ஒரு திப்பிகூடக் கூடாது."

மார்ச் 4
அரைத்தேன். விரலில் தேய்த்தால் நறநற. கொட்டிவிட்டேன்.

மார்ச் 6
தோல்தான் வில்லன். வெந்த கடலையைத் தலையணை உறையில் கட்டி, துணி துவைக்கும் மெஷினில் சுற்றவிட்டேன். தோல் கழன்றது. கூடவே சோப்பு வாசனை! மடையா, அது துணி துவைக்கிற மெஷின் என்று புத்தியில் உறைக்க வேண்டாமா? அதை அவளுக்குக் கொடுத்திருந்தால்?

மார்ச் 9
கிரீம் அடிக்கும் மொண்ணை பிளேடைப் போட்டுத் தண்ணீரில் சுற்றினால் தோல் மிதந்து வருகிறது. ஆனால் மிக்ஸியின் குறைந்த வேகமே அதிகம், கடலை கூழாகிறது. அக்காவின் தையல் மெஷின் பெடலை மிக்ஸியோடு இணைத்தேன். மெல்ல மிதித்தால் மெல்லச் சுற்றும். மிக்ஸி மோட்டார் இழுக்கும் கரண்ட்டை அந்தப் பெடல் ரொம்ப நாள் தாங்காது, தெரியும். பிறகு கூர் பிளேடு, சூடேறாமல் ஐஸ் கட்டி, கடைசியில் சல்லடை.

சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்து நின்றாள்.

"என்... பெடல... எதுக்குடா... எடுத்த?"

பக்கவாதத்தில் படுத்த பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம். அதுவும் திட்டு!

மார்ச் 10
முதல் ஸ்பூன். தொண்டை ஏறியது, இறங்கியது. இருமவில்லை. நல்லதா? போன மாதமும் இருமவில்லையே — கடவுளே, எங்கே போனது அது?

"பேயப்... பாக்குற மாதிரி... பாக்காதடா."

மார்ச் 14
காய்ச்சல் இல்லை; நுரையீரலுக்குள் போயிருந்தால் இதற்குள் வந்திருக்கும். சும்மா சும்மா நெற்றியைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாள்.

மார்ச் 17
பெடல் கருகிவிட்டது. பெடல் இல்லாமலே பதற்றத்தில் அரைத்தேன், சல்லடை கிழிந்திருந்ததைப் பார்க்கவில்லை. ரெண்டு வாய் போயிருக்கும். அக்கா முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. ஐயோ, கொன்னுட்டேனே! முன்னால் சாய்த்துப் பிடித்தேன். வீடே அதிர இருமினாள். ஒரு திப்பி தெறித்து என் சட்டையில் விழுந்தது.

பயிற்சிப் பெண்ணுக்கு போன் போட்டு அழுதுவிட்டேன்.

"சத்தமா இருமினாங்களா? அவங்களே வெளிய தள்ளிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"இத்தன நாளா தப்பான வழில போனது அந்தத் தொண்டைக்கே தெரியல சார். இப்பத் தெரியுது. நான் இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்!"

சந்தோஷப்படச் சொல்கிறாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "எந்திரிடா... நீ விழுந்தா... உன்ன யார் தூக்குறது?" என்றாள்.

மார்ச் 25
பயிற்சிப் பெண் வந்து சோதித்தாள். இனி கொஞ்சம் கரகரப்பாகவே கொடுக்கலாமாம். சரி சரி என்று தலையாட்டினேன். அவள் போனதும் மறுபடி மைய அரைத்தேன். மனசு கேட்கவில்லை, என்ன செய்ய?

மார்ச் 29
அக்கா என் கையைத் தள்ளிவிட்டு அவளே முள்கரண்டியால் கடலையை மசித்துத் தின்றாள். நான் பின்கட்டில் போய் நின்றுகொண்டேன். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஏப்ரல் 11
மதியம் அக்காவுக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, வாடிக்கையாளர் கூப்பிட்டார் என்று கடைக்குப் போனேன். மோட்டாரைப் பாதி கழற்றிய பிறகுதான் உறைத்தது: அவளைத் தனியாகச் சாப்பிட விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். கடை வாசல் வரை போய்த் திரும்பினேன். பிறகு எடுத்து, மீதியைக் கழற்றினேன்.