மச்சான் சட்டையைத் தின்ற சுவர்க்கோழிகள்

என் ஆசை மச்சானுக்கு,

அங்கேயாவது காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே பெக்கோக் தோட்டத்தில் நான்கு நாளாக மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, வீட்டில் பேச ஆளும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் முராய்க் குருவி உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் போனதிலிருந்து பாடவில்லை, ஆனால் தின்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. அதன் தீனிக்கென்று மண்ணெண்ணெய்த் தகரத்தில் மணல் போட்டு வளர்த்தீர்களே, அந்தச் சுவர்க்கோழிப் பூச்சிகளையும் இப்போது நான்தான் கட்டி மேய்க்கிறேன். "ஒண்ணு அந்தப் பூச்சி, இல்ல நான்" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! ஒருநாளாவது காதில் வாங்கினீர்களா?

போன வாரம் ஒரு தப்பு செய்துவிட்டேன். காலைப் பெரட்டுக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்ற அவசரத்தில், தகரத்தின் வாயில் துணியை மட்டும் போட்டுவிட்டு ஓடினேன். கயிறு கட்டவில்லை. வேலை முடிந்து வந்து பார்த்தால் உள்ளே பாதிகூட இல்லை.

நம் லயத்து வரிசை வீடுகளில்தான் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லையே. பக்கத்து வீட்டு முனியம்மாக்கா வாசலில் வந்து நின்றாள். "அலமாக், ஐயய்யோ! அரிசிப் பானையில துள்ளுதுடி அஞ்சலை! கொதிக்கிற தண்ணிய ஊத்தி ஒழிச்சுக் கட்டு. குருவிய யாருக்காச்சும் குடுத்துத் தொலை!"

"என் வீட்டுக்காரரு வளத்ததுக்கா. உங்க வேலையப் பாருங்க" என்றேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம்தான் கொடியைப் பார்த்தேன். கடைசியாக நீங்கள் வெட்டுக்குப் போட்டுப்போன காக்கிச் சட்டை. உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்த இந்த ஏழு மாதமாக நான் அதைத் துவைக்கவே இல்லை, மச்சான். படுக்கும்போது முகத்தில் போட்டுக்கொள்வேன், உங்கள் வேர்வை வாசம் இருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. பாவிப் பூச்சிகள் வேர்வை பட்ட இடமாகத் தேடித் தின்றிருக்கின்றன. கழுத்துப்பட்டி போச்சு, அக்குள் இரண்டும் போச்சு. மிச்சத்தை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். வெறும் துணிதான்.

அழுதுகொண்டே உலை வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் பானையைத் தகரத்துக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போனேன். குருவி கூண்டுக் கம்பியைக் கொத்திக்கொண்டு என்னையே பார்த்தது. அதற்குப் பசி. இந்த வீட்டில் நான் எப்போது வருவேன் என்று பார்த்திருக்கிற உயிர் அது ஒன்றுதான். பானையைத் திரும்ப அடுப்பில் வைத்து, அரிசியைப் போட்டேன்.

சட்டையைத் துவைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பழைய சேலையைக் கிழித்து ஒட்டுப்போட்டிருக்கிறேன். மழை விட்டதும் கொசுவுக்கு அதைத்தான் சேலைமேல் போட்டுக்கொண்டு வெட்டுக்குப் போவேன். தோள் தொங்கும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

உங்கள் குருவியை ஒருநாளும் பட்டினி போடமாட்டேன், தகரத்தைக் கட்டாமல் வாசலைத் தாண்டமாட்டேன். இது சத்தியம். உங்கள் வாசத்தை மறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யத்தான் பயமாக இருக்கிறது, மச்சான்.

உங்கள் அத்தை மகள்,
அஞ்சலை