மேல் அண்ணத்தில் ஒரு பல்

6 மார்ச் 1944, திங்கள்

காலையிலேயே வெயில். அரிசி கிடைக்கவில்லை, இன்றும் மரவள்ளி. அவிக்கும்போதே வெறுப்பு.

சயாமிலிருந்து முத்தையா என்று ஒருவன் திரும்பி வந்து பண்டார் ஹிலிரில் இருக்கிறானாம். ஜப்பான்காரன் ஆள் பிடித்துப்போய் ரயில் பாதை போட்ட இடத்தில் மலாக்காக்காரர் ஒருவர், உதடு பிளந்தவர், காலராவில் போய்விட்டார் என்கிறானாம். பக்கத்து வீட்டு செட்டி அக்கா, தமிழ் வராதவள், கேட்டு வந்து மலாயில் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் பொட்டையே பார்த்தாள்.

என் வீட்டுக்காரரையும் அந்த வேலைக்குத்தான் பிடித்துப்போனார்கள். அதற்காக, உலகத்தில் அவருக்கு மட்டும்தான் உதடு பிளந்திருக்கிறதா?

செத்தவர் எப்போதும் வாய் நிறையச் சிரிப்பாராம். அப்படியானால் இவர் இல்லை. நிச்சயமாக இல்லை.

7, செவ்வாய்

மதியம் மழை. கூரை ஒழுகுகிறது, ஏறிப் பார்க்க ஆள் இல்லை.

உதடு ஊருக்கே தெரியும். மீசைக்குள் எவ்வளவுதான் மறையும். பல் மட்டும் நான் ஒருத்தி பார்த்தது. இடப்பக்கம், பிளவுக்கு நேரே, ஒரு பல் முளைக்கவே இல்லை. அதற்குப் பின்னால் மேல் அண்ணத்தில் கூடுதலாக ஒன்று, அரிசி அளவு. எனக்கே கல்யாணமாகி மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது. பல்வலி வந்து, கிராம்பு வைக்க வாயைத் திறந்தார். யாரிடமும் சொல்லாதே என்றார்.

எட்டு வருஷமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பாடு. சிரிப்பு வந்தால் துண்டு வாய்க்குப் போய்விடும். போட்டோ பிடிக்கக்கூட வரமாட்டார். இந்த மனுஷனா வாய் நிறையச் சிரிப்பார்?

நாளை நானே போய்க் கேட்கிறேன். முத்தையாவுக்குக் கொஞ்சம் மரவள்ளி, வாழைப்பழம் நாலு. குடை.

8, புதன்

போனேன். முத்தையா எலும்பும் தோலுமாக இருக்கிறான், கால் முழுக்கப் புண். பெயர் கேட்டேன். வாய் குழறிப் பேசுவார், பெயர் சரியாகப் புரியவில்லை, எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிட்டோம் என்றான். பல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். வரிசையாக இருந்தது என்று சொல்லிவிடு சாமி என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இந்தப் பக்கம் ஒண்ணு இருக்காதுக்கா. உள்ள மேல குட்டியா ஒண்ணு இருக்கும். யாராச்சும் அழுதா வாயத் தொறந்து காட்டுவாரு. எனக்கு ஒண்ணு கொறச்சல், ஒண்ணு கூட, கணக்கு சரியா வந்துச்சு பாருன்னு சொல்லிச் சிரிப்பாரு. நாங்களும் சிரிச்சிருவோம்."

வாழைப்பழத்தைக் கொடுத்தேனா, திரும்பக் கொண்டுவந்தேனா, ஞாபகம் இல்லை.

9, வியாழன்

செட்டி அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். சாப்பிடவில்லை. பொட்டை நானே அழித்துவிட்டேன், இன்னொருத்தி கை வைக்க வேண்டாம் என்று.

அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. எவனெவனோ அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறான். எட்டு வருஷம் கூட இருந்தவள் நான் பார்க்கவில்லை. கடைசியில் நன்றாகச் சிரித்திருக்கிறார், அது போதும் என்று எழுதப் பார்த்தேன். போதவில்லை.

முத்தையாவிடம் ஒன்று கேட்காமல் வந்துவிட்டேன். நாளை போகவேண்டும். அவர் சிரிக்கும்போது சத்தம் வருமா?