சாஹேபை மடித்த காலை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான். ஐம்பதைத் தாண்டிய நான் ஒரு வாரமாக என் வீட்டுக்குள்ளேயே கூடாரம் அடித்துப் படுத்துக் கிடக்கிறேன். மழைக்குக் கூரை ஒழுகுகிறது. பக்கெட் வைத்தோம், குண்டான் வைத்தோம், கடைசியில் இட்லிக் கொப்பரையையும் வைத்தோம். அதற்கு மேல் வைக்கப் பாத்திரம் இல்லை. அப்போதுதான் பரணில் இருந்த உம்முடைய கூடாரப் பையை இழுத்தேன். பழைய ஃப்ளெக்ஸின் வாடை, ரப்பர் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, முகத்தில் அறைந்தது. உம்மைப் போலத்தான், கேட்காமல் கொள்ளாமல் அறைந்தது.

உம்முடைய கையை நினைக்காமல் உம்மை நினைக்க முடியுமா? தாராவி டப்பாப் பட்டறையில் நசுங்கிய எண்ணெய் டின்களை மரச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துகிற வேலை உமக்கு. பகலெல்லாம் டின்னை அடிப்பீர். மிச்சம் இருக்கிறதைச் சாயங்காலம் ஊருக்கு வைத்திருப்பீர். உம்ம தங்கச்சியை நான் கட்டிய அன்றைக்கே, பந்தியில் கறித்துண்டு குறைந்ததென்று என் சித்தப்பா மூக்கை உடைத்தவர் நீர். கல்யாண போட்டோவில் அவர் இன்றைக்கும் மூக்கில் பஞ்சோடு நிற்கிறார்.

அப்புறம் குழாயடிச் சண்டை. தண்ணீருக்கு வரிசை தாண்டினவன் தாடையை நீர் பெயர்த்ததும், போலீஸ் ஸ்டேஷனில் நாங்கள் விடிய விடிய நின்றதும், உம்ம தங்கச்சி உம்ம வாசலுக்கு வந்து கத்தியதும் மறக்குமா?

"அண்ணே, இதான் கடைசி. இனி எவன் மேலயாவது கை வச்சன்னா உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். நீ செத்தாத்தான் வருவேன்."

மறுநாளே ஓட ஆரம்பித்தீர். தனியாக ஓடினாலும் பரவாயில்லை, என்னையும் இழுத்தீர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு முதல் ரயிலில் பன்வேல். அங்கிருந்து ஊர்களுக்கு நடுவே வயல் வரப்பிலும் செம்மண் பாதையிலும் ஓட்டம். கொக்கெல்லாம் பயந்து எழும்பும். உம்ம கால் விழுகிற வேகத்தில் வரப்பு உடைந்து ஒரு விவசாயி நம்மை விரட்டியது தனிக்கதை.

"மண்ண அடிக்கீரா, ஓடுதீரா வே?" என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான் மாப்ள. கையில வாரத கால்ல இறக்கிரணும்."

ஓட்டம் போதாமல் சைக்கிளுக்கு வந்தீர். நான் இட்லி விற்கிற சைக்கிள், நீர் பட்டறையில் வாங்கிய பழசு ஒன்று. பென், மாண்காவ், மகாட் என்று கொங்கண் ரோட்டில் நாலைந்து நாள் மிதிப்போம். எதிர்க்காற்று நெஞ்சில் குத்தும். மழை ஊசி ஊசியாக முதுகில் ஏறும். கன்டெய்னர் லாரி போகிற போக்கில் காற்றாலேயே நம்மைப் பள்ளத்தில் தள்ளும். அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு மேட்டு உச்சியில் நின்று சிரிப்பீர். அடிக்கிற ஆளை, வாங்குகிற அடி இவ்வளவு சந்தோஷப்படுத்தி நான் பார்த்ததில்லை.

கூடாரமும் உம்ம கைவேலைதான். ஊரே சாஹேப் என்று கும்பிடுகிற பெரிய தலைவர் ஒருவர் பிறந்தநாளுக்குக் கட்டி, முடிந்ததும் கிழித்துப் போட்ட பேனர். தோல் தைக்கிற மிஷினில் கொடுத்துத் தைத்து வாங்கினீர். வெள்ளைப் பக்கம் வெளியே, படம் உள்ளே. கையைக் கூப்பிக்கொண்டு சாஹேப் சிரித்தபடி மேலே இருப்பார், நாம் இரண்டு பேரும் கீழே குறட்டை விடுவோம்.

அந்தக் கடைசிப் பயணத்துக்கு வருகிறேன். அந்த மழைக்காலம் முழுக்க எல்லார் போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு அது எங்கே உறைத்தது? மலையடியில் ஒரு கிராமத்துக் குளக்கரையில் கூடாரம் போட்டோம். அடிபம்பு எங்கே என்று காட்டிய சின்னப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, கையில் ஒரு கடலைமிட்டாய் கொடுத்தீர். தாராவிச் சந்தில் பத்துத் தடவை செய்கிற காரியம். அங்கே யார் பிள்ளை என்று யார் கேட்கிறார்கள்? அந்த ஊரில் கேட்டார்கள்.

விடிந்து பனி விலகவில்லை. நீர் வெளியே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தீர். உள்ளே இருந்த என் முழங்காலில்தான் முதல் கம்பு விழுந்தது. தவழ்ந்து வெளியே வந்தால் கம்பும் கோடாலிக் காம்புமாக ஊரே நின்றது. இரண்டு பேர் கையில் அரிவாள். "பிள்ளை பிடிக்கிறவனுக!" என்று மராத்தியில் ஒரே கூச்சல். நாங்கள் தாராவி, இட்லி விற்கிறவன் என்று நானும் மராத்தியில்தான் கத்தினேன். பதிலுக்கு வாயில் ஒரு குத்து. பல் ஒன்று அந்த ஊரிலேயே தங்கிவிட்டது.

உம்ம முதுகில் ஒரு பையன் ஓங்கி அடித்தான். திரும்பி அவன் கம்பைப் பிடித்துவிட்டீர். உம்ம இடது கண் சுருங்கியது. எனக்குத் தெரியும் மச்சான், அந்தக் கண் சுருங்கினால் அடுத்தது என்ன என்று. அந்தக் கம்பு ஒரு தடவை திரும்பியிருந்தால் அரிவாள் இறங்கியிருக்கும். நாம் இரண்டு பேரும் அந்தக் கரையிலேயே முடிந்திருப்போம்.

"மச்சான், உம்ம தங்கச்சி!"

அவ்வளவுதான் எனக்கு வந்தது. கம்பை விட்டீர். இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகி, குளிரில் நிற்கிறவன் மாதிரி இறுக்கிக்கொண்டீர். அடித்தார்கள். தோளில், முதுகில், தொடையில் அடித்தார்கள். காறை எலும்பு முறிந்தபோது காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. கை வெளியே வரவில்லை.

ஆத்திரம் தீராமல் ஒருத்தன் கூடாரத்தைப் பிடுங்கி, உள்பக்கம் வெளியே வரப் புரட்டிப் போட்டான். ஓங்கியிருந்த இன்னொருவன் கம்பு அதன் மேல் விழுந்தது. விழுந்த இடம் சாஹேப் கன்னம்.

எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"அரே, சாஹேப்!" என்றான் ஒருத்தன். அடித்தவன் கம்பைக் கீழே போட்டு நாக்கைக் கடித்தான். தலைப்பாகைக் கிழவர் ஒருவர் அதட்டினார்: "முதல்ல சாஹேபை அந்தப் பக்கம் எடுத்து வைங்கடா. அப்புறம் இவனுகளை அடிக்கலாம்."

நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாலு மூலையையும் பிடித்தார்கள். சாஹேப் முகத்தில் மடிப்பு விழக்கூடாது. ஒருத்தன் நீளவாக்கில் மடி என்றான், இன்னொருத்தன் அகலவாக்கில் என்றான். அதில் அவர்களுக்குள் ஒரு சண்டை. மடித்தார்கள், பிரித்தார்கள், மறுபடி மடித்தார்கள். நாம் இரண்டு பேரும் ரத்தம் ஒழுக, நம் முறைக்குக் காத்து நின்றோம். அந்த இடைவெளியில்தான் பிள்ளையின் அம்மா, பல்லில் கடலைமிட்டாய் ஒட்டிய பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இவங்க பம்பு எங்கன்னுதான் கேட்டாங்களாம்!"

அப்புறம் ஒரே உபசாரம். அவள் மாமியார்க்காரி மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்தாள். அடிபட்ட உமக்கு மஞ்சள் பூசினாள். அடிபட்ட சாஹேபுக்கு மன்னிப்புக் கேட்டு நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

கட்டோடு உம்மைக் கொண்டுவந்து சேர்த்ததும் உம்ம தங்கச்சி கேட்டது ஒரே கேள்வி. "எவன அடிச்சான்?"

நடந்ததை நடந்தபடி சொன்னேன். குங்குமம் வந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். "போதும். அண்ணனக் காப்பாத்த பேனருக்குப் பொட்டு வேற வச்சாச்சா? உங்க வாயில உண்மையே வந்தாலும் வேஷங்கட்டில்லா வருது."

பேனரைக் காட்டும் என்று உம்மிடம் கெஞ்சினேன். அது உம்ம வீட்டில், அவள் மிதிக்காத வாசலுக்கு உள்ளே கிடந்தது. "சாட்சி காட்டியா எந்தங்கச்சிட்ட நல்லவன்னு பேர் வாங்கணும்? நம்புனா நம்பட்டும் வே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே கழுத்து, வளையாது.

எவன் அடிக்கும் சாயாத உம்மை ஒரு கொசு அடித்தது. டெங்கு. ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தாள், அது உம்ம வாசல் இல்லையே. "அடிச்சியா அண்ணே?" என்றாள். "மாப்ளட்ட கேளு" என்று கண்ணை மூடினீர். நான் வாயைத் திறந்தேன். "இங்கயுமா?" என்று என்னை முறைத்தாள். சொன்ன மாதிரியே, உம்மைக் கிடத்திய அன்றுதான் உம்ம வாசற்படியை மிதித்தாள். உம்ம சாமான்களைப் பகிர்ந்தபோது இந்தப் பை எங்களுக்கு வந்தது. பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

போன வாரம் எனக்கு டீ கொண்டு கூடாரத்துக்குள் தலையை விட்டவள் நிமிர்ந்து பார்த்தாள். சாஹேப் நெற்றியில் விரல் அகலத்துக்குக் குங்குமம்.

"இது யாரு வச்சது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேசாமல் இருந்தேன். விரலால் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தில் கம்பு பட்ட தடத்தைத் தடவினாள். அப்படியே உட்கார்ந்து, நான் சொல்லியிருந்தபடி இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகி, இறுக்கிப் பார்த்தாள். "வலிச்சிருக்கும்லா" என்றாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

எனக்கும் அது ஒட்டிக்கொண்டது மச்சான். போன மாதம் இட்லி விற்கப் போன சயானில் பைக்கில் வந்த ஒரு பயல் இட்லிப் பாத்திரத்தோடு என்னைத் தள்ளிவிட்டு, கன்னத்திலும் ஒன்று வைத்தான். என் கை இரண்டும் தானாகவே கக்கத்துக்குள் போய்விட்டன. "என்ன அங்கிள், குளிருதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

உம்ம தங்கச்சி இப்போது சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டாள். மூக்குடைந்த சித்தப்பா உட்பட எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். "எங்கண்ணன் கை நீட்டல, வந்து பாருங்க, குங்குமமே இருக்கு" என்கிறாள்.

நேற்றுக் கூடாரத்துக்குள் கொசு அதிகம். கொசுவத்தியை மேல் கம்பில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். ஃபேன் காற்றில் ஆடி அது சாஹேப் நெற்றியில் ஒட்டி, ஓட்டை போட்டுவிட்டது. குங்குமம் இருந்த அளவுக்குச் சரியாக இருக்கிறது. அதன் வழியாக என் மூக்கில் தண்ணீர் சொட்டுகிறது. கீழே வைக்கத்தான் பாத்திரம் இல்லை.