ஃப்ரீசரில் வைத்த மூன்று டப்பா

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் சித்தியும் சுகம். நீ ஒப்படைத்துவிட்டுப் போன பூனை, அதுதான் நம் மேனேஜர், அவனுக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், என்னை முழுசாகச் சொல்ல விடமாட்டாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இரண்டு மாதமாகக் கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கிக்கொண்டு இருமுகிறான். நுரையீரல் கோளாறு என்று முதல் நாளே கண்டுபிடித்தவன் நான். முப்பது வருஷமாக ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன், கம்ப்ரஸர் திணறினால் அடுத்த தெருவிலிருந்தே சொல்கிற காது இது. உன் சித்திதான், "முடியை நக்கி முழுங்கியிருக்கும், உங்க காதைக் கொண்டுபோய்க் கடைல வைங்க" என்று என் வாயை அடைத்தாள். கடைசியில் கால்நடை டாக்டரம்மாவிடம் போனோம். நத்தைக்குள் வளரும் ஒரு புழு இருக்கிறதாம், அந்த நத்தையைத் தின்ற பல்லியையோ எலியையோ பூனை தின்றால் நுரையீரலில் போய்க் குடியேறிவிடுமாம். கடைக்குப் பின்னால் சாக்கடைச் சுவரில் இவன் பல்லி பிடித்தபோதெல்லாம் "புலிடா நீ" என்று தட்டிக்கொடுத்தது யார், நான்தான். நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

மூன்று நாள் மலத்தைப் புதிதாகக் கொண்டுவரச் சொன்னார் டாக்டரம்மா. கெடாமல் வைப்பதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? மூன்று டப்பா, மூன்று தேதி, கடையின் பெரிய ஃப்ரீசர், மைனஸ் பதினெட்டு. கல் மாதிரி கொண்டுபோய் கவுண்டரில் கொடுத்தேன். டெஸ்ட்டில் புழு இல்லை என்று வந்தது. அந்தப் பெருமையில்தான் உனக்குப் போன் செய்து, சிங்கம் மாதிரி இருக்கிறான் என்று அளந்தேன். பத்தே நாளில் சிங்கத்தால் சோபாவில் ஏற முடியவில்லை, சாப்பாட்டையும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினோம். போன தடவை மலத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதற்கு நானும் மார்தட்டிச் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அங்கிள், புழு உயிரோட நீந்தித் தண்ணிக்கு அடில இறங்கினாதான் எங்களுக்குத் தெரியும். நீங்க கொன்னு கொண்டுவந்திருக்கீங்க" என்றார். பக்கத்தில் உன் சித்தி, "முப்பது வருஷ சர்வீஸ் டாக்டர், ஒன்னுகூடத் தப்பிச்சிருக்காது" என்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்.

அன்றைக்கு எடுத்ததையே சூடு ஆறாமல் கொடுத்தோம். மறுநாள் புழு தெரிந்தது, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். கடைத்தெருவில் பாம்பு மாதிரி நெளிந்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் வெறும் தூசி அளவுதான். அந்தத் தூசிக்குப் பத்து நாள் இலவசமாகக் கொடுத்தவன் உன் சித்தப்பா. தப்பு என்னுடையது. சித்தியிடம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன்.

பிடரியில் மருந்துச் சொட்டு விட்டாயிற்று. ஆனால் நுரையீரல் தளர்ந்துவிட்டது, இந்த வாரம் தாண்ட வேண்டும் என்கிறார்கள். தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார்கள், முப்பதுக்குள் இருக்க வேண்டுமாம். திங்கட்கிழமை ஐம்பத்தெட்டு. இன்று காலை நாற்பத்துநான்கு. நான் எண்ணியதை நீ நம்பமாட்டாய் என்று தெரியும், அதனால் சித்தியைத் தனியாக எண்ணச் சொன்னேன். அவளுக்கும் நாற்பத்துநான்கு.

அவசரப்பட்டு லீவு போடாதே. தினமும் காலையில் போன் செய், என்னிடம் கேட்காதே, சித்தியிடம் கேள். தீர்க்காயுசாக, மனக்கவலை இல்லாமல் இரு. அவனுக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மேனேஜரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதும்
உன் சித்தப்பா