ஃபில்டர் பஞ்சைக் கழுவிய ஆடி மாதம்

ஜூலை 9, புதன்

மீன் தொட்டிக்கு அரைக் குடம் தண்ணீர். மீன் ஏழு: சிவப்பு நான்கு, கறுப்பு இரண்டு, வெள்ளை ஒன்று. தீனி காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை.

எட்டு மணிக்கு அவர் போனில் பேசினார்.

"மீனுங்க எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குது."

"தீனி?"

"போட்டேன்."

"சரி, வச்சிர்றேன்."

கரூர் கொசுவலைக் கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டப் போய் இன்றோடு இரண்டரை வருஷம். போவதற்கு முந்தின மாதம்தான் இந்தத் தொட்டியை வாங்கி ஹாலில் வைத்தார். எனக்குத் துணைக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி அவர் சொல்லவில்லை. நானாக நினைத்ததுதான்.

ஜூலை 16, புதன்

போன மாதம் அவருக்கு லீவு இல்லை, வரவில்லை. வந்தால் முதல் வேலையாக ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார். நான் அதைத் தொட்டதே இல்லை. இப்போது தண்ணீர் நூல் மாதிரி விழுகிறது. முன்பெல்லாம் பூஜை அறை வரை சலசலவென்று கேட்கும்.

போனில் சொன்னேன். "கழுவி மாட்டு, அவ்ளோதான்" என்றார்.

எப்படி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

நாளை மறுநாள் ஆடி அமாவாசை. வீடு முழுக்கக் கழுவினேன். பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கினேன். ஃபில்டரையும் கழற்றினேன்.

அம்மாடி! பஞ்சு முழுக்கப் பழுப்பாய் வழவழவென்று ஒரு சேறு. சாமி மாடத்துக்கு எட்டடி தூரத்தில் இத்தனை நாள் இது ஓடிக்கொண்டிருந்ததா?

சோப்பு மீனுக்கு ஆகாது, அது எனக்குத் தெரியும். எலுமிச்சை பிழிந்த வெந்நீரில் ஊற வைத்தேன். குழாயடியில் பதினோரு முறை பிழிந்தேன், பதினோராவது முறைதான் தெளிந்த தண்ணீர் வந்தது. உள்ளே இருந்த வெள்ளைக் கல்லையெல்லாம் கொதிக்க வைத்தேன். மொட்டை மாடியில் சாயங்காலம் வரை வெயில். தொட்டித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாக எட்டுக் குடம், குழாயில் பிடித்த கையோடு.

கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. தண்ணீர் மறுபடி சலசலக்கிறது. அம்மா அங்காளம்மா, இனி உன் விளக்குக்கும் இதற்கும் சுத்தத்தில் வித்தியாசம் இல்லை.

ஜூலை 23, புதன்

தண்ணீர் கஞ்சி வடித்தது போல் கலங்கியிருக்கிறது. ஏழும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசியோ என்று இன்னொரு சிட்டிகை போட்டேன். தின்னவில்லை.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

மேல்மலையனூர் போய் வந்தேன். ஸ்பெஷல் பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான். கூட்டத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிப்போனது. அம்மனிடம் எப்போதும் அவருக்காக வேண்டுவேன். இன்று மீனுக்காகவும் வேண்டினேன். சிரிப்பாக இருந்தது.

திரும்பி வந்தால் கறுப்பு இரண்டும் மிதக்கின்றன.

ஜூலை 25, வெள்ளி

வெள்ளையும் போயிற்று. மீதி நான்கு.

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு பஜாரில் வளர்ப்பு மீன் விற்கும் அமலாவிடம் போனேன். என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இந்த நோட்டைக்கூடக் காட்டினேன்.

"பதினோரு தடவ பிழிஞ்சீங்களா! ஐயோ அக்கா, அது அழுக்கு இல்லக்கா. மீன் போற கழிவத் தின்னு தண்ணிய நல்லாக்குற கிருமி அந்தப் பஞ்சுலதான் குடியிருக்குது. நீங்க மொத்தத்தையும் காலி பண்ணிட்டீங்க. குழாத்தண்ணில ப்ளீச்சிங் மருந்து வேற."

"கிருமில நல்லதுன்னு ஒண்ணு இருக்குதா?"

"தயிருக்கு ஒற ஊத்துறீங்கல்ல? ஒற மோர் இருந்த ஏனத்தப் புளி போட்டு வெளக்கிட்டு, தயிரு எங்கன்னு கேக்குறீங்க."

பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தான். எனக்கு முகம் சுட்டது.

போனதைப் போலவே கறுப்பு இரண்டும் வெள்ளை ஒன்றும் கொடு என்றேன். அவர் வரும்போது ஏழு இருக்கவேண்டும். அமலா மறுத்துவிட்டாள். "இப்ப குடுத்தா அதுவும் சாவும்க்கா. பாவம் எனக்குத்தான்."

தன் தொட்டியிலிருந்து ஒரு பழுப்புப் பஞ்சை உருவி, அந்தத் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொடுத்தாள். இதைப் புதுப் பஞ்சோடு சேர்த்து வை, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று, முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீராக இருக்கட்டும், இனிக் கழுவினால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசு என்றாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நான் யாருக்கும் உறை மோர் கொடுத்ததில்லை. எதிர்வீட்டுத் தைலம்மாள் கிண்ணத்தோடு வந்து நின்றபோதும் இல்லை என்று அனுப்பியிருக்கிறேன். அமலா கொடுத்தாள்.

ஜூலை 26, சனி

"மீனுங்க எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குது."

பொய். விளக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய்.

ஜூலை 28, திங்கள்

மூன்று.

ஜூலை 30, புதன்

ஒன்று. செதில் உரிந்த சிவப்பு. செத்தவை ஆறும் முருங்கை மரத்தடியில்.

தண்ணீர் மூன்று குடம் மாற்றினேன். பழுப்புப் பஞ்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கை பரபரக்கிறது, எடுத்துப் பிழிந்துவிடலாமா என்று. இல்லை. தொடமாட்டேன்.

இதுவும் செத்துவிட்டால் எட்டு மணிக்கு அவர் எதைக் கேட்பார்? என்னிடம் கேட்க வேறு என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

சொல்லிவிட்டேன். சித்திரான்னம் ஐந்து வகை படைத்துவிட்டு, பொய்யை வைத்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை.

"ஆறு மீன் செத்துப்போச்சி. நான் பஞ்ச ரொம்பக் கழுவிட்டேன்."

"உன் சுத்தம் இருக்குதே. மனுசனே தாங்க மாட்டான், மீனு எங்க தாங்கும்?" என்றார். வைத்துவிட்டார்.

கழுவு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கேட்கவில்லை.

மனுசன் என்றால் யார்? வந்தால் வாசலிலேயே காலைக் கழுவச் சொல்வேன். லாரிச் சட்டையைத் தனி வாளியில் போடச் சொல்வேன். குளித்துவிட்டு வந்தால்தான் காபி. அதைத்தான் சொல்கிறாரா? கல்யாணமான இருபத்திரண்டு வருஷமுமா?

ஆகஸ்ட் 4

போன் வரவில்லை. தண்ணீர் மூன்று குடம். மீன் ஒன்று.

ஆகஸ்ட் 5

வரவில்லை. மீன் ஒன்று.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரவில்லை. மீன் தீனி தின்றது. தண்ணீர் தெளிந்துவிட்டது. இதை யாரிடம் சொல்ல? தைலம்மாளிடம் சொன்னேன். "ஒரு மீனுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நானே போன் செய்தேன். வண்டியில் இருப்பார் என்று ஒருநாளும் நானாகச் செய்ததில்லை.

"இன்னா, அதுவும் செத்துப்போச்சா?"

"இல்ல. இருக்குது. நல்லாத் திங்குது."

"அப்புறம்?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"நீங்க பேசலியே, அதான்."

பின்னால் யாரோ இரண்டு பேர் சீட்டாட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே நடந்து வந்திருக்கவேண்டும். சத்தம் குறைந்தது.

"இன்னான்னு பேசறது மங்கை? மீனாவது இருந்துது, நாலு வார்த்த கேட்டேன். இல்லன்னா உன்கிட்ட எத வச்சி ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

என் பேரைச் சொன்னார்.

எனக்கும் தெரியவில்லை. என்ன ஆரம்பிப்பது? கடைசியில் எங்கே படுத்துத் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டரை வருஷத்தில் கேட்கவில்லை. ரூமில் நாலு பேர், கட்டில் இரண்டு, தான் தரையில்தான், ரெண்டு மாதமாய் இடுப்பு நிமிர முடியவில்லை என்றார். ஜூன் மாதம் வராததற்கு லீவு கிடைக்காதது காரணம் இல்லையாம். பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் உட்கார முடியவில்லை.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட்

காலையில் மீனைத் தூக்குச்சட்டியில் விட்டு அமலாவிடம் கொடுத்தேன். பஞ்சை அதே தண்ணீரில், பிழியாமல். "எத்தினி நாளுக்கா?" என்றாள். தெரியாது என்றேன். தொட்டி மோட்டாரை நிறுத்தியதும் வீட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அறையிலிருந்த மெத்தையைச் சுருட்டிக் கட்டி எடுத்து வந்திருக்கிறேன். செஞ்சி பஸ்ஸில் கண்டக்டர், "ஏம்மா, தூங்கிக்கினே போலாம்னு முடிவு பண்ணிட்டியா? இதுக்கும் ஒரு டிக்கெட் எடு" என்றான். எடுத்தேன். வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கை மரத்துவிட்டது.

சேலம் பஸ் பன்னிரண்டு இருபதுக்காம். அங்கிருந்து கரூர்.

வருகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், மீனை யார் பார்ப்பது என்று கேட்டிருப்பார்.