இரண்டாவது கேசட்டில் உன் குரல்

ஜோகுபாளையம்,
12.9.1999

என் கோபக்கார டிரம்மருக்கு,

நம் ராக் குழுவின் இரண்டாவது கேசட் வந்து மூன்று வாரமாகிறது. நீ சண்டை போட்டுக்கொண்டு கோலார் தங்கவயலுக்குப் போன பிறகு புது ஆளை வைத்து முடித்தோம். பாவம், நன்றாகத்தான் வாசிக்கிறான். ஆனால் ரசிகர்கள் அவனைப் பற்றியும் பேசவில்லை, என் பாட்டைப் பற்றியும் பேசவில்லை.

மூன்றாம் பாட்டின் தொடக்கத்தில், நான் முந்திப் பாடியதற்குப் பழைய ஒத்திகைப் பதிவில் நீ என்னைத் திட்டியது அப்படியே சேர்ந்திருக்கிறது: “டேய் மச்சா, இருடா! நான் இன்னும் ரெடி ஆவல!”

அதற்குத்தான் இத்தனை கைதட்டலும்! அல்சூரில் ஓர் ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்புமுன் அதைச் சொல்லிக் கண்ணடித்தார். நேற்று கல்லூரி விழாவில் நான் வாயைத் திறந்ததும் ஐந்நூறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அன்று நீ ஒருவன் சொன்னதற்கே மைக்கைத் தூக்கி எறிந்தவன் நான். இப்போது ஊரே சொல்கிறது, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அழிக்க மறந்துவிட்டோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னிடம் அது செல்லாது. ஸ்டுடியோவில் இரண்டு முறை அழிக்கப் போனார்கள். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

பதினெட்டாம் தேதி அல்சூரில் கச்சேரி. நீ வந்து டிரம் குச்சியைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
எப்போதும் முந்திக்கொள்ளும் பாட்டுக்காரன்