மலையிடுக்கில் அம்மா நடந்த தூரம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அம்மாவின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, என் மானத்தில் ஒரு பெரிய ஓட்டை, மற்றபடி சேதாரம் எதுவும் இல்லை. நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ ஒன்று சொல்வாய், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், போன தடவை நடந்ததே போதும். ஆகவே எழுதுங்கள் என்று அம்மா பேனாவைக் கையில் திணித்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு பத்தியையும் வாசித்துக் காட்ட வேண்டுமாம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, லிப்ட் பழுதுக்கு ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாலம் வரையும் அந்த வேலையை விட்டுவிட்டு அம்மாவின் கண்ணுக்காக வீட்டோடு வந்துவிடுகிறேன், ராஜினாமா எழுதியாகிவிட்டது, மாதக் கடைசியில் கொடுத்துவிடுவேன் என்று சொன்னாயே, அதைக் கொடுக்காதே. முழுக்கப் படி, படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ அப்படிச் சொன்ன அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா என்றுதான் இருந்தது. உன் அறை ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்துப் போட்டேன், கட்டிலில் ஆடிக்கொண்டிருந்த காலை முடுக்கினேன், அப்புறம் எதற்குடா இவ்வளவு அவசரப்பட்டுச் சந்தோஷப்படுகிறோம் என்று வெட்கம் வந்து, அந்த வெட்கத்தில்தான் உன்னிடம் கத்தினேன். அம்மா, பஸ் கம்பெனி வேலையில் போனில் டிக்கெட் பதிவு செய்கிற அதே குரலில், ரெட்டைச் சைக்கிளைத் துடைச்சு எண்ணெய் போடுங்க, ஆத்துப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம் என்றாள். மாமாவுக்கு விஷயம் தெரிந்து, கண்ணு சரியாத் தெரியாதவளை மலைக்குச் சைக்கிள்ல கூட்டிட்டுப் போறீங்களா, உங்களுக்கு மூளை கழண்டு போச்சா மாப்பிள்ளே என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அண்ணே, கழண்டா அவரே மாட்டிக்குவாரு, ஸ்பேனர் எடுத்துட்டுத்தான் வரார் என்று அம்மா சொன்னதும் காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நீ ஒரு போன் போட்டு அவரைச் சமாதானப்படுத்து, நான் பேசினால் வளரும்.

ரெட்டைச் சைக்கிள் உனக்குத் தெரியாதது இல்லை, நான் பட்டறையில் இரண்டு பழைய சைக்கிளை அறுத்து ஒட்டியதுதான். ஆனால் நீ போன பிறகு இடது பக்கச் செயினை மாற்றினேன், இப்போது இரண்டு பேர் காலும் ஒன்றாகத்தான் சுற்றும், ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தியாக வேண்டும். முன்னால் நான், பின்னால் அம்மா. அம்மாவுக்கு இப்போது நடுவில் இருப்பது மட்டும் தெரிகிறது, ஓரங்கள் போய்விட்டன, ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி என்கிறாள், வெளிச்சம் குறைந்தால் அதுவும் மங்கிவிடும். குழாய் இன்னும் சிறுத்துக்கொண்டே போகும் என்று டாக்டர் சொன்னது உனக்கே தெரியும். அதனால் வழியெல்லாம் நான் பள்ளம், மேடு, வலது திருப்பம் என்று குரல் கொடுக்க வேண்டும். கிளம்பும்போது ரெடியா என்று நான் கேட்பேன், அம்மா என் முதுகில் இரண்டு தட்டு தட்டுவாள், தட்டிய பிறகுதான் மிதிக்க வேண்டும். இதுதான் எங்கள் சட்டம்.

ரயில் நின்றுபோன பழைய தண்டவாளப் பாதையைச் சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள், ஆற்றை ஒட்டியே போகிறது. உனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆறு அகலமாக, சத்தமே இல்லாமல், நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கூடவே வந்தது. காலையில் தண்ணீர் மேல் புகை மாதிரிப் பனி, அதற்குள் இடுப்பளவு நின்றுகொண்டு மேயும் மாடுகள், கால்களே இல்லாமல் மிதக்கிற மாதிரி. மரங்கள் தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றன, நாங்களும் தலைகீழாக அதில் ஓடினோம். கொஞ்ச நேரத்தில் யார் மிதிக்கிறார், எந்தக் கால் யாருடையது என்பதே மறந்துவிட்டது. செயின் சத்தம் மட்டும், அது ஏதோ தூக்கத்தில் கேட்கிற மாதிரி. எனக்கு எதிலும் அவசரம் என்பது நீ அறிந்ததே, நானே அன்று மணி பார்க்கவில்லை. அம்மா தனக்குத் தெரிந்த அந்தச் சின்ன வட்டத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள், ஒரு கொக்கு, ஒரு வெள்ளைக் கதவு, காயப்போட்ட ஒரு நீலச் சட்டை, படகில் படுத்துத் தூங்கும் ஒரு ஆள். ஒண்ணு ஒண்ணாப் பார்த்தா எல்லாமே அழகாத்தான் இருக்கு, எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிற உங்களுக்குத்தான் எதுவும் தெரியறதில்லை என்றாள். படகுத்துறை விடுதியில் தங்கினோம். ஜன்னலுக்குக் கீழேயே ஆறு, சுவரெல்லாம் தண்ணீரின் வெளிச்சம் அசைந்தது, நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

மறுநாள் பள்ளத்தாக்கு இறுகி மலையிடுக்காகிவிட்டது. இரண்டு பக்கமும் பாறை, ஆகாயம் ஒரு ரிப்பன் அளவு, ஆறு கீழே வெள்ளையாக இரைந்துகொண்டு. மேட்டின் உச்சியில் இறங்கித் தண்ணீர் குடித்தோம். அங்கிருந்து நீண்ட இறக்கம். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஏறு ஏறு என்றேன். அம்மா அப்போது, இருங்க, ஸ்வெட்டரைக் கழட்டிப் பையில வச்சுட்டு ஏறுறேன் என்று சொன்னாளாம். ஆற்றுச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் ஸ்வெட்டரைப் பின்பையில் வைத்து அழுத்தியபோது சைக்கிள் ஒரு தாழ்வு தாழ்ந்தது, ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். ரெடியா என்று கேட்டேன், முதுகில் தட்டு விழும்வரை காத்திருந்தேனா, இல்லை. மிதித்துவிட்டேன். இறக்கம், எடை குறைந்தது தெரியவே இல்லை.

நீ சிரிப்பாய், சிரி. வழியெல்லாம் நான் குரல் கொடுத்துக்கொண்டே போனேன். இடது திருப்பம், பள்ளம், தண்ணி சொட்டுது தலையைக் குனி. பதில் இல்லை. அம்மா அமைதியாக ரசிக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. காற்று முகத்தில் அடித்தது, பாறையெல்லாம் வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று, எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் அவளிடம் சொல்லாததெல்லாம் சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு என்றேன். லிப்ட்டுன்னா எந்த வயரு போச்சுன்னு கண்டுபிடிச்சு மாத்திடுவேன், உன் கண்ணுல எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியலை என்றேன். பையன் வந்துட்டா எனக்குத் தைரியமா இருக்கும், வரட்டும், வேண்டாம்னு சொல்லாதே என்றேன். ஒரு திருப்பத்தில் சரிந்த கற்களை ஒதுக்கிக்கொண்டிருந்த சாலைப் பணியாளர் பெண்மணி ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். யார்கிட்ட சார் இவ்வளவு உருக்கமாப் பேசிட்டு வர்றீங்க என்றார். என் மனைவிகிட்டதான் என்றேன், திரும்பிப் பார்க்காமலே. அவர் பின்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவங்களை எங்க சார் இறக்கி விட்டீங்க என்றார்.

சைக்கிளை அவரிடம் போட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பாதையில் ஆற்றுப் பக்கம் இருப்பது முழங்கால் உயரச் சுவர், சில இடங்களில் அதுவும் இல்லை, இடுக்கில் வெளிச்சம் வேறு குறைவு. என்ன நினைத்துக்கொண்டு ஓடினேன் என்பதை எழுத மாட்டேன். இரண்டு திருப்பம் தாண்டினால் அம்மா வந்துகொண்டிருக்கிறாள். இடது கை பாறையில், வலது கை வீசிக்கொண்டு, காலால் ஒரு தடவு, அப்புறம் ஒரு எட்டு. ஏதோ பாட்டை முனகிக்கொண்டு. பாறையில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது, நின்று அதில் உள்ளங்கையை வைத்தாள், கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், மறுபடி நடந்தாள். மேலிருந்து ஒரு கீற்று வெயில் பாதைக்குக் குறுக்கே விழுந்திருந்தது, அதற்குள் வந்ததும் கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. எதற்காகவோ, கூப்பிடக் கூடாது என்று இருந்தது. இரைக்கிற மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்ததும் அவளே, வந்துட்டீங்களா, அதுக்குள்ளயா என்றாள்.

சுவரில் உட்கார்ந்தோம். முதலில் பயந்து உட்கார்ந்து அழுதாளாம், அப்புறம் என்னைத் திட்டினாளாம், திட்டத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோய்த்தான் எழுந்து நடந்தாளாம். முழங்கைச் சிராய்ப்பு முதல் திருப்பத்தில் வாங்கியது. கண்ணு கெட்டதிலேர்ந்து என்னை யாரும் தனியா விட்டதே இல்லைங்க, நானே என்னை விட்டதில்லை, இன்னிக்கு நீங்க தெரியாம விட்டீங்க, எனக்கு எவ்வளவு நடக்க முடியும்னு தெரிஞ்சுபோச்சு என்றாள். அப்புறம், அவ்வளவு தூரம் என்ன பேசிட்டுப் போனீங்க என்று கேட்டாள். மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, காலிச் சீட்டிடம் சொன்னதையெல்லாம் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை சொன்னேன், முதல் தடவை மாதிரி சுலபமாக வரவில்லை. கேட்டுவிட்டு, அப்போ பையன் எனக்காக வரலை, உங்களுக்காக வரான் என்றாள். இப்பவே ஒரு கையை நீங்க விடறதில்லை, அவனும் வந்து இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டா நான் மூக்கைச் சொறியக்கூட ஒருத்தர்கிட்ட அனுமதி வாங்கணும் என்றாள். திரும்பப் போகும்போது அந்தப் பணியாளர் பெண்மணி, இவங்கதானா சார், பரவாயில்லை, நீங்க சொன்னதைவிடத் தைரியமாத்தான் இருக்காங்க என்று சொல்லிச் சைக்கிளைக் கொடுத்தார்.

அம்மா வெள்ளைக் கோல் பிடித்து நடக்கும் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். டாக்டர் எப்போதோ சொன்னது, நான்தான் இப்போது எதற்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கூட வரக் கூடாது, பயிற்சி மையத்தின் கேட்டுக்கு வெளியே நிற்கலாம் என்று உத்தரவு, நிற்கிறேன். அவள் ரோட்டைக் கடக்கிற நேரத்தில் என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். எனக்குப் பயம் போகவில்லை, அது போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அது என் பயம், அதைத் தூக்க உன்னை அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிடுவது அநியாயம். இந்தப் பத்தியை வாசித்துக் காட்டியபோது அம்மா ஒன்றும் திருத்தவில்லை.

நல்ல சாப்பாடாகச் சாப்பிடு, ஈர சாக்ஸோடு திரியாதே, உன் சைக்கிள் பின்டயரில் காற்று குறைவாக இருப்பது நீ அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது, முதலில் அதைக் கவனி. ராஜினாமாவைக் கிழித்துப் போட்டதும் ஒரு வரி எழுது. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, உன் கையால் வரையும் பாலம் எதுவும் ஆடாமல் நிற்கட்டும். லீவு கிடைக்கும்போது கட்டாயம் வா. வந்தால் அம்மாவின் பக்கத்தில் நடந்து வா, கையைப் பிடிக்காதே. வேண்டுமென்றால் அவளே பிடித்துக்கொள்வாள்.

உன் அப்பா